ஒரே ஹார்மோன் உடல் முழுக்க ஓடும்போது, எந்த செல்லுக்கான செய்தி என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் ஊருக்குக் காலை ஆறு மணிக்கு முதல் பஸ் வரும். கீழ் வளைவில் ஹாரன் அடித்ததும் பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், அம்மா உலை வைப்பார், நான் போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்வேன். ஹாரன் ஒன்றுதான், கேட்டவர்கள் அவரவர் பிழைப்புக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்கள். செல்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன.

நான் பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம் வளர்ந்தவள். பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். அட்ரினலின் பாடத்துக்கு எனக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. போன மார்கழியில், இருட்டும் நேரத்தில், காப்பித் தோட்டத்துப் பாதையில் திரும்பினேன். பத்தடியில் காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. (செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதும். ஆனால் அது எருமையைவிட மாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஊர்க்காரர்கள் சொல்வதே சரி.) என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. அதற்குள் என் சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் ஹார்மோனை ரத்தத்தில் கொட்டித் தங்கள் வேலையை முடித்துவிட்டன. இதயம் அடித்துக்கொண்டது. மூச்சுக்குழல்கள் விரிந்தன. கல்லீரல் சேர்த்துவைத்த கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டது. தோலில் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கை சில்லிட்டுப் போனது. ஓரிடத்தில் விரிவு, இன்னோர் இடத்தில் சுருக்கம். வந்ததோ ஒரே அட்ரினலின்.

வித்தியாசம் ஏற்பியில் இருக்கிறது. ரிசெப்டார் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான்: செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அட்ரினலின் தன் வேலைக்காக செல்லுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. வாசலில் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்த ஏற்பி, ஊசி நூல் கோத்ததுபோல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பதால், வெளியே ஒன்று ஒட்டினால் உள்ளே அதன் வடிவம் மாறுகிறது. உள்ளே காத்திருக்கும் ஜி-புரதம் அதை உணர்ந்து ஒரு நொதியை எழுப்ப, அது சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறுகளை வாரி இறைக்கிறது. செய்தியைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் இந்த ‘இரண்டாம் தூதரை’ கல்லீரல் ஆய்வில் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை ஏற்பிகளை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இல் பெற்றார்கள்.

இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1 ஏற்பி. மூச்சுக்குழலில் பீட்டா-2. தோலின் ரத்தக்குழாய்களில் ஆல்ஃபா. அது வேறு வழியாகக் கால்சியத்தைக் கிளப்பிவிட்டுச் சுருங்க வைக்கிறது. பனி இறங்கினால் இழுப்பு வரும் என் பெரியப்பாவின் இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால், பீட்டா-2வைக் குறிவைத்துச் செய்த மருந்து. மருந்தை இழுத்ததும் கை நடுங்குகிறது என்பார். தசையிலும் அதே பீட்டா-2 இருக்கிறதே!

ஏற்பி என்றாலே செய்தி வந்ததும் விழித்துக்கொள்வது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் மலைவாழையில் நடப்பது நேர்மாறு. தாத்தா தார்களை அறையில் அடுக்கி, சருகைக் கொளுத்தி மூட்டம் போடுவார். பழுக்க வைப்பது சூடு என்று அவர் நம்பினார். உண்மையில் முக்கிய வேலை செய்தது புகையில் இருந்த எத்திலீன் வாயு. செடிகளுக்கு அதுவும் ஒரு ஹார்மோன்தான். (செடிகள் எத்திலீனை உணரும் என்பதை 1901இல் ருஷ்யாவில் திமித்ரி நெல்யூபோவ் காட்டினார், ஆய்வகத்து விளக்கு வாயுவில் இருந்த எத்திலீனால் அவருடைய பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் படுத்துக்கொண்டன.) காயின் செல்லில் எத்திலீன் ஏற்பி காலியாக இருக்கும்போதுதான் உழைக்கிறது. ‘பழுக்காதே, பழுக்காதே’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏற்பியில் இருக்கும் தாமிர அயனியில் எத்திலீன் வந்து ஒட்டியதும் வாயை மூடிக்கொள்கிறது. தடுப்பார் இல்லாததால் பழுக்க வைக்கும் ஜீன்கள் கிளம்புகின்றன. பழுக்கத் தொடங்கிய காய் தானும் எத்திலீன் விடும். பக்கத்துக் காய் அதைக் கேட்கும். சீப்பில் ஒன்று பழுத்தால் மற்றவை தொடர்வது இதனால்தான். கார்பைடு கல் தரும் அசிட்டிலீன், எத்திலீன்போல் வேடம் போடும் வாயு. அந்தக் கல்லில் ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும். பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

இதே எத்திலீன் கார்னேஷன் பூவுக்கு எமன். கொடைக்கானலில் பசுமைக்குடில் வைத்திருக்கும் சித்தப்பா மகன், வாடகை மிச்சம் என்று ஒருமுறை பழுக்கத் தொடங்கிய வாழைத்தார்களோடு பூப்பெட்டிகளையும் ஒரே வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினான். இறக்கும்போது இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தன. பூ முழுவதும் நட்டம். இப்போது வெட்டிய காம்புகளை வெள்ளி தயோசல்ஃபேட் கரைசலில் நிறுத்தி வைக்கிறான். ஏற்பியில் தாமிரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி உட்கார்ந்துகொள்வதால், எத்திலீன் வந்து ஒட்டினாலும் ஏற்பி வாயை மூடுவதில்லை. ஆனாலும் வாழைத்தாரோடு பூவை ஏற்ற அவனுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.