சாலையில் பதித்தால் மின்சாரம் வருமா?

கேள்வி: நெடுஞ்சாலை நாள் முழுக்க வெயிலில்தானே கிடக்கிறது? அதன்மேலேயே சோலார் பேனலைப் பதித்துவிட்டால் தனியாக நிலம் தேட வேண்டாமே?

பதில்: பதித்தே பார்த்துவிட்டார்கள். பிரான்சின் நார்மண்டியில், தூரூவ்ர் அருகே 2016 டிசம்பரில் ஒரு கிலோமீட்டர் சாலையில் 2,800 சதுர மீட்டர் பேனல் ஒட்டினார்கள். செலவு 50 லட்சம் யூரோ. 2017இல் சுமார் 1,50,000 யூனிட் கிடைத்தது, எதிர்பார்த்ததில் பாதிதான். மறு ஆண்டு அதிலும் பாதியாகிவிட்டது. பேனல்கள் உடைந்து பெயர்ந்தன. டயர் சத்தம் தாங்காமல் வேகத்தை 70 கிலோமீட்டராகக் குறைத்தார்கள்.

ஏன் இப்படி? லாரியின் எடையைத் தாங்கவும் டயர் வழுக்காமல் இருக்கவும் செல்லின்மேல் (வெளிச்சத்தை மின்சாரமாக்கும் பேனலின் சிறு துண்டு) சொரசொரப்பான கனத்த பூச்சு வேண்டும். அதுவே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். சூரியனை நோக்கிச் சாய்க்கவும் வழியில்லை. அடியில் காற்றோட்டம் இல்லாததால் சூடு ஏறும்: செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும்.

நிழல்தான் எல்லாவற்றிலும் மோசம். செல்களெல்லாம் ஒரே சரமாக இணைந்தவை. ஒரு சருகு ஒரு செல்லை முழுக்க மூடினால் போதும், மின்னோட்டம் அங்கே முட்டி நிற்கும். சாதாரண 60 செல் பேனலில் 20 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு, அதாவது மின்னோட்டத்துக்கு ஒரு மாற்றுவழி, உண்டு. அது அந்த இருபதையும் ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றும். ஒரு சருகுக்கு மூன்றில் ஒரு பங்கு போச்சு! வண்டிகள் ஓயாத சாலையில் நிழலுக்கா பஞ்சம்?

கேள்வி: தார்ச்சாலையின் சூட்டையாவது பயன்படுத்தலாமா?

பதில்: தாருக்குள் குழாய் பதித்துத் தண்ணீர் ஓட்டினால் வெந்நீர் கிடைக்கும். நெதர்லாந்தில் கோடைச் சூட்டை இப்படி நிலத்தடி நீரில் சேமித்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். மின்சாரமாக மாற்ற இந்தச் சூடு போதாது.

கேள்வி: அப்படியானால் பேனலை எங்கே வைப்பது?

பதில்: சாலையை விட்டு ஒதுங்கி. சுவிட்சர்லாந்தின் ஏ13 நெடுஞ்சாலையில் 1989இலேயே சத்தத் தடுப்புச் சுவரில் பேனல் பொருத்தினார்கள். தென் கொரியாவில் தேஜோன், செஜோங் நகரங்களுக்கிடையே நெடுஞ்சாலை நடுவில் சைக்கிள் பாதை; அதற்குப் பேனலே கூரை. வடக்கு தெற்காகப் போகும் சாலையென்றால் இருபக்கமும் வெளிச்சம் வாங்கும் பேனலைச் செங்குத்தாக நிறுத்தலாம். காலையிலும் மாலையிலும் நன்றாக உழைக்கும். மோதல் தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள். புகையும் டயர் தூளும் பிசுபிசுப்பாக ஒட்டும், மழையை நம்பாமல் கழுவ வேண்டும்.