யூடியூப் தானாக ஓட 22,000 ரூபாய்ப் பெட்டி தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. ரிமோட் பட்டன் எதுவும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. காலை ஆறு மணிக்கு டிவி தானாக ஆன் ஆகி, யூடியூபில் நான் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகள் ஓட வேண்டும். மதியம் நெட்ஃப்ளிக்ஸில் அவர் பார்க்கும் தொடர் வந்தால் நல்லது. இங்கே ஒரு கடைக்காரர் மினி பிசியில் 'பிரவுசர் ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர்' போட்டு 22,000 ரூபாய்க்குத் தருகிறேன், வருடச் சந்தா 3,000 தனி என்கிறார். எனக்குப் பைத்தான் புரோகிராமிங் கொஞ்சம் தெரியும். வாங்கலாமா, நானே செய்துகொள்ளலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். அவர் விற்கும் 'சாஃப்ட்வேர்' அநேகமாகச் செலினியம், பப்பட்டியர், பிளேரைட் இந்த மூன்றில் ஒன்றின் மேல் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட்டாகத்தான் இருக்கும். செலினியம் 2004லிருந்து இருக்கிறது, பப்பட்டியர் 2017இல் கூகுள் குரோம் குழுவிடமிருந்து வந்தது, பிளேரைட் 2020இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. மூன்றுமே இலவசம். வெப்சைட்டுகளைச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்காக உருவானவை இவை. மனிதர் செய்கிற மாதிரி பக்கத்தைத் திறக்கும், கிளிக் செய்யும், கீ அழுத்தும், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் காலை வேலைக்கு அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். வீட்டு டிவி கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி என்றால், முதலில் கூகுள் ஹோம் செயலியில் ரொட்டீன் ஒன்று வைத்து, ஆறு மணிக்கு இந்த டிவியில் இதை ஓட்டு என்று சொல்லி ஒரு வாரம் பாருங்கள், காசு செலவில்லை. அது ஒழுங்காக ஓடவில்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் 'ஆறு மணிக்கு குரோமில் இந்த முகவரியைத் திற' என்று வையுங்கள். முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிக் கால்வாசியில்தான் தலைவலி. பாட்டு திறக்கும், ஆனால் சத்தத்தோடு தானாக ஓடாமல் நின்றுவிடலாம். யாரும் தொடாத பக்கத்தில் ஒலியுடன் வீடியோ ஓடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை குரோம் 2018இல் கொண்டுவந்தது. 'ஆட்டோபிளே பாலிசி' என்ற இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் கட்டளைச் சொல்லை (ஸ்விட்ச்) குரோமின் ஷார்ட்கட்டில் சேர்த்தால் சரியாகும். வீடியோ முழுத்திரையில் வரவும் யாராவது ஒரு கீ அழுத்த வேண்டும், செலினியமோ பிளேரைட்டோ கைகொடுப்பது இங்கேதான். ஒரு விஷயம்: பட்டனைத் தேடிக் கிளிக் செய்யும்படி எழுதாதீர்கள். பக்கத்துக்குள் பட்டன்களின் பெயர்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும், விளம்பரத்தைத் தாண்டும் பட்டனின் பெயர் இப்படிப் பலமுறை மாறியிருக்கிறது. அதற்குப் பதில் யூடியூபின் சொந்தக் கீபோர்டு குறுக்குவழிகளை அனுப்புங்கள்: 'கே' நிறுத்த, ஓட்ட; 'எஃப்' முழுத்திரை; 'எம்' சத்தத்தை அணைக்க. இவை வருடக்கணக்காக மாறாமல் இருக்கின்றன.

அப்புறம் லாகின். ஆட்டோமேஷனில் திறந்த பிரவுசரில் கூகுள் கணக்கைப் போட்டால் 'இந்த பிரவுசர் பாதுகாப்பானதாக இல்லாமல் இருக்கலாம்' என்று கதவைச் சாத்திவிடும். பாட்டுப் பட்டியலை 'அன்லிஸ்டட்' ஆக, அதாவது லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து நேரடி லிங்கைக் கொடுத்துவிடுங்கள், லாகினே தேவைப்படாது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும், லாகின் எல்லாம் சேமித்திருக்கும் குரோம் புரொஃபைலையே ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கலாம் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2025இல் வந்த குரோம் 136க்குப் பிறகு ரிமோட் டீபக்கிங் (வெளி புரோகிராம் பிரவுசரை இயக்கும் வழி) மூலமாக அது நடக்காது, லாகின் அடையாளத்தை வைத்திருக்கும் குக்கீகளைத் திருடுவதைத் தடுக்க அடைத்துவிட்டார்கள். தனி ஃபோல்டரில் தனி புரொஃபைல் வைத்துத்தான் ஆக வேண்டும். வருடம் 3,000 சந்தா கேட்கிறாரே, இதுபோன்ற மாற்றம் வரும்போது எத்தனை நாளில் சரிசெய்து தருவார் என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது சிஇசி. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியை ஆன், ஆஃப் செய்யும் வசதி அது. பெரும்பாலான மினி பிசிக்களில் இது இருக்காது. கம்ப்யூட்டர் ஆறு மணிக்குப் பாட்டைப் போட்டுவிடும், டிவி அணைந்தே கிடக்கும், உங்கள் அம்மா ரிமோட்டைத் தேடுவார். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டில் சிஇசி உண்டு. ஆனால் அதன் பை 5 மாடலை வாங்கினால் போர்டு விலையை மட்டும் கணக்கு போடாதீர்கள். 27 வாட் அடாப்டர், மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள், மெமரி கார்டு, கூலர் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். 1080பி வரை சமாளிக்கும், பிரவுசரில் 4கே யூடியூபை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸ் பற்றிச் சொல்லவில்லையே? நானே பிளேரைட் போட்டுப் பார்த்தேன், பக்கம் வருகிறது, வீடியோ மட்டும் எரர் காட்டுகிறது.

பதில்: பிளேரைட்டோடு வருவது அசல் குரோம் அல்ல, சோதனைக்கான தனி பிரவுசர். காசு கொடுத்துப் பார்க்கும் படங்களின் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற பகுதி அதில் இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே போட்டிருக்கும் அசல் குரோமைத் திறக்கச் சொன்னால் ஓட வாய்ப்புண்டு. ஆனாலும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ரோபோ போன்ற தானியங்கி வழிகளில் சேவையை அணுகக்கூடாது என்று நெட்ஃப்ளிக்ஸ் விதிமுறையிலேயே இருக்கிறது. யூடியூபும் அனுமதியில்லாத தானியங்கி அணுகலைத் தடுக்கிறது, ஸ்கிரிப்ட்டில் விளம்பரம் தாண்டும் வேலையெல்லாம் வேண்டாம், பிடிக்கவில்லையென்றால் பிரீமியம் கட்டுங்கள். வீட்டில் ஒருவருக்காகப் பாட்டு போடுவதை யாரும் துரத்திக்கொண்டு வரப்போவதில்லை என்பது என் கணிப்பு, ஆனால் கணக்கு முடங்கினால் கேட்க உங்களுக்கு வழியில்லை. மதியத் தொடரை டிவியின் சொந்த நெட்ஃப்ளிக்ஸ் செயலியிலேயே விட்டுவிடுங்கள். ரிமோட்டில் நெட்ஃப்ளிக்ஸ் பட்டன் இருந்தால் அதன்மேல் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு புடைப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், போதும்.

கேள்வி: கடைக்காரரிடம் 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

பதில்: ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் யுபிஐ பதிவு, வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 'டிவி தானாக ஆன் ஆகும், நெட்ஃப்ளிக்ஸும் ஓடும்' என்று அவர் சொல்லியிருந்தால், அதைச் செய்து காட்டுங்கள் அல்லது பணத்தைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள், பேச்சுவார்த்தையிலேயே முடிய வாய்ப்புண்டு. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; 5 லட்சம் ரூபாய்க்குள்ளான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.