புதுச்சேரியில் இளங்கலை மாணவர்களுக்குத் தொல்லுயிரியலை எங்கிருந்து தொடங்குவது?

புதைபடிவங்களின் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தின் வகைப்பாட்டு அட்டவணையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வாரமே, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குக் கூட்டிப் போங்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கில் கிடக்கும் அந்தக் கல்மரங்களுக்குச் சுமார் 2 கோடி வயது என்கிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "மரம் நிற்கிறதா, கிடக்கிறதா? கிளை எங்கே? வேர் எங்கே? பட்டை எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். எல்லாம் படுத்தே கிடக்கின்றன, கிளையும் வேரும் இல்லை என்று அவர்களே கவனித்துவிட்டால், "அப்படியானால் இவை இங்கே வளரவில்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது" என்ற முடிவுக்கும் அவர்களே வருவார்கள். புதைபடிவம் உருவாகும் விதம் பற்றிய பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அங்கு ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. லென்ஸும் நோட்டும் போதும்.

மரத்தின் திசுக்களில் சிலிக்கா புகுந்து செல் அமைப்பு அப்படியே நிற்பதை, துறையில் இருக்கும் மெல்லிய வெட்டுச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுங்கள். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள்.

அடுத்து வழுதாவூர்ப் பக்கம். அங்குள்ளவை கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த காலங்களில் கடைசியானது) யுகத்தின் இறுதிக் காலக் கடற்படிவுகள். 1846-லேயே பிரித்தானிய இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் பகுதி அம்மோனைட்டுகளை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரிகள்) விவரித்திருக்கிறார். ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்து, ஓடு நீங்கிய உள் அச்சின் மேல் நெளிந்தோடும் தையல் கோட்டை (ஓட்டின் உள்ளறைத் தடுப்புகள் ஓட்டுச் சுவரைத் தொடும் கோடு) பென்சிலால் வரையச் சொல்லுங்கள். போட்டோ எடுக்க விடாதீர்கள். வரைந்த கை மறக்காது. பேரினப் பெயரை அதற்குப் பிறகு சொல்லலாம்.