செமாக்ளூடைட் மாத்திரையை ஏன் வெறும் வயிற்றில், கொஞ்சம் தண்ணீரில் மட்டும் விழுங்கச் சொல்கிறார்கள்?

செமாக்ளூடைட் சர்க்கரை நோய்க்கான மருந்து. அது ஒரு பெப்டைடு, அதாவது புரதம் போன்ற சிறிய மூலக்கூறு. அப்படியே விழுங்கினால் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதி சிதைத்துவிடும். அதனால்தான் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரைபெல்சஸ் மாத்திரையில் ஸ்நாக் (SNAC) என்ற துணைப்பொருளை 300 மில்லிகிராம் சேர்த்தார்கள். மாத்திரை கரையும் இடத்தில் மட்டும் ஸ்நாக் அங்குள்ள அமிலத்தைக் குறைத்து பெப்சினை மட்டுப்படுத்தும். இரைப்பைச் சுவரின் செல்கள் வழியாக மருந்து உள்ளே போகவும் உதவும். இவ்வளவு செய்தும் ரத்தத்தில் சேர்வது சுமார் 1 சதவீதம்தான்! ஆகவே சின்னத் தவறுகூட பெரிய இழப்பு.

தண்ணீர் 120 மில்லிக்கு மேல் போனால் ஸ்நாக் நீர்த்துப்போகும். காபி, டிபன், மற்ற மாத்திரைகள் எல்லாம் 30 நிமிடம் கழித்துத்தான். உடைக்கவோ மெல்லவோ கூடாது. காலையில் தைராய்டு மாத்திரையும் போடுபவர்கள் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். மாத்திரை போட மறந்து டிபன் சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல ஒன்று மட்டும் போடுங்கள்.