குடத்துல இருந்த நெளிவு எங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "பிள்ளை செவுத்துல கிறுக்குனா அடிக்காதிய"ன்னு பேச்சுவாக்குல ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்ல. பாதிக்கு மேல ஆர்ட் காலேஜ் பத்திதான். ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கு இப்பதான் அவசரம், அதனால இந்த மாசம் பூரா அதுக்கே ஒதுக்கியாச்சு. மத்த கேள்வி அனுப்புனவங்க ஒரு மாசம் பொறுத்துக்கோங்க. யாரு பேரும் போடல, ஊரு மட்டும்தான்.

மானூர்: அண்ணாச்சி, ஆர்ட் காலேஜ்ல சேரப்போறேன்னு சொன்னா எங்க மாமா "பி.ஏ. தமிழா, எகனாமிக்ஸா"ன்னு கேக்காரு. விளக்கி விளக்கி வாய் வலிக்கு. இதுக்கு எங்க, எப்படி அப்ளை பண்ணணும்?

மாமாவ குத்தம் சொல்லாத தம்பி. நம்ம ஊர்ல கலைக் கல்லூரின்னா பி.ஏ., பி.காம். இருக்க காலேஜ்தான். நீ கேக்கது கவின் கலைக் கல்லூரி, படிப்பு பேரு பி.எப்.ஏ., நாலு வருஷம். இந்த பேர்க்குழப்பம் சும்மா சிரிக்கிற விஷயம் இல்ல, இதுல ஒரு வருஷத்தையே விட்ட பிள்ளைகள எனக்கு தெரியும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு ஆன்லைன்ல போடுதோம்லா, அதுலயே இதுவும் வந்துரும்னு நெனைச்சு உக்காந்துருந்துட்டாங்க. வராது. இதுக்கு தனி விண்ணப்பம், அப்புறம் நேர்ல போயி வரைஞ்சு காட்டுற நுழைவுத்தேர்வு. ப்ளஸ் டூ பாஸ் போதும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி. ரிசல்ட் வர்ற சமயத்துல இருந்தே காலேஜ் அறிவிப்ப பாத்துக்கிட்டே இரு.

நம்ம நெல்லைச் சீமையில அரசு கவின் கலைக் கல்லூரி கிடையாது, அது ஒரு குறைதான். சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் மூணும் இருக்கு. சென்னை எழும்பூர்ல இருக்கது 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்க டாக்டர் ஆரம்பிச்சது, இந்தியாவுலயே பழைய ஓவியப் பள்ளிகள்ல ஒண்ணு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலையில எழும்பூர், அங்கருந்து காலேஜ் கிட்டத்துலதான். ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் போக செராமிக், டெக்ஸ்டைலும் அங்க இருக்கு. கும்பகோணத்துல ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன். இந்த ரெண்டும் 2013ல தொடங்குன இசை, கவின் கலைப் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது. மாமல்லபுரத்துல இருக்க அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957ல வந்தது, அங்க போக்கே வேற, கல்லு, மரம், உலோகம், சுதைன்னு மரபுச் சிற்பம், கோயில் கட்டடக்கலை. ஸ்தபதி ஆகணும்னா அங்க போ. நம்ம பக்கத்துல இருந்து பாத்தா திருவனந்தபுரம் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்தான் கிட்ட, ஆனா அது கேரள அரசு காலேஜ், அவங்க விதிமுறை தனி.

பத்தமடை: காமர்ஸ் குரூப் முடிச்சிருக்கேன். டெக்ஸ்டைல் டிசைன் படிக்க ஆசை. வாப்பா "படம் வரைஞ்சா சோறு கெடைக்குமா"ங்காங்க. எங்க உம்மா பாய் நெய்யுவாங்க, அதைத் தவிர எங்க வீட்டுல கலைன்னு எதுவும் கிடையாது. எனக்கு சான்ஸ் இருக்கா?

தங்கச்சி, கடைசி வரிய நீயே இன்னொரு தடவ வாசிச்சுப் பாரு. பத்தமடையில இருந்துக்கிட்டு, உம்மா பாய் நெய்யுதாங்கன்னும் சொல்லிட்டு, வீட்டுல கலை இல்லங்கியே! கோரையை அறுத்து, காயப்போட்டு, தாமிரபரணி தண்ணியில ஊறப்போட்டு, மயிரிழையா கீறி, சாயம் ஏத்தி, தறியில கோத்து, பட்டுத்துணி மாதிரி மடிக்கத் தோதா ஒரு பாய் வரதுக்குள்ள எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கு! எந்த கலர் பக்கத்துல எந்த கலர் நிக்கும், கரையில பூ எத்தனை இழைக்கு ஒருக்க வரும், இது பூராத்தையும் உம்மா மனசுலயே கணக்கு போட்டுத்தான நெய்யுதாங்க. டெக்ஸ்டைல் கிளாஸ்ல கிராஃப் பேப்பர வச்சு சொல்லித்தர்றதும் இதேதான்.

நீ செய்யவேண்டியது ஒண்ணுதான். இன்னைல இருந்து உம்மா தறிக்கு முன்னால ஒரு ஸ்கெட்ச் புக்கோட உக்காரு. முகத்த வரையாத, கைய மட்டும் வரை. கோரைய தள்ளுற விரலு, அழுத்துற உள்ளங்கை, கொஞ்சம் நேரம் சோர்ந்து மடியில கெடக்கிற கை. ஒரு நாளைக்கு பத்து, வேகமா, அழிக்காம. அப்புறம் சாயம் போட்ட கோரையில துண்டு துண்டா வெட்டி ஒரு அட்டையில ஒட்டி, கீழ எதுல எவ்வளவு நேரம் ஊறுனதுன்னு எழுதி வை. நேர்ல கூப்பிட்டு என்ன பண்ணிருக்கன்னு கேக்கிற இடத்துல, யூட்யூப் பாத்துப் போட்ட ரோஜாப்பூ மத்தவங்ககிட்ட அம்பது இருக்கும், இந்த அட்டை உன்கிட்ட மட்டும்தான் இருக்கும்.

வாப்பா கேட்டதும் நியாயம்தான், அதை நான் மழுப்ப மாட்டேன். மொத ரெண்டு மூணு வருஷம் சம்பளம் ஏறி எறங்கும். ஆனா டெக்ஸ்டைல் படிச்சா கரூர், திருப்பூர் பக்கம் வேலைக்கு வழி இருக்கு, ஓவியம் படிச்சவங்களுக்குத்தான் வழி கம்மி, அதுக்கு நானே சாட்சி. அரசு காலேஜ் பீஸ் பெரிய தொகை கிடையாது, செலவு இழுக்கிறது கலரு, பேப்பரு, ஹாஸ்டலு. இதைச் சொல்லு, கூடவே நடிகர் சிவகுமார் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னால அதே சென்னை ஓவியக் கல்லூரியிலதான் படிச்சாருன்னும் சொல்லு. அப்பாமாருகிட்ட இது நல்லா வேலை செய்யும், நான் பாத்துருக்கேன்.

வள்ளியூர்: பென்சில்ல போர்ட்ரெய்ட் வரைவேன், இன்ஸ்டாவுல போட்டா எல்லாரும் போட்டோ மாதிரியே இருக்குங்காங்க. இதையே எடுத்துட்டுப் போனா சீட் உறுதிதானே?

உறுதி இல்ல தம்பி. கோவப்படாம என் கதைய கேளு.

எங்க பெரியப்பா ஜங்ஷன்ல போர்டு எழுதிட்டு இருந்தாரு, ஃப்ளெக்ஸ் வராத காலம். அவர் பக்கத்துல நின்னு நான் பிரஷ் கழுவி, எழுத்துக்கு அவுட்லைன் போட்டு, அப்புறம் சாயங்காலம் காலண்டர் படம், சினிமா போஸ்டர் எல்லாத்தையும் கட்டம் போட்டு பெருசு பண்ணி வரைவேன், தெருவே வந்து பாக்கும். அந்த திமிருலயே முப்பது படத்த சுருட்டிக்கிட்டு மெட்ராஸ் போனேன். பரீட்சை ஹால்ல ஒரு ஸ்டூலு மேல பழைய பித்தளைக் குடம், ஒரு துணி, ரெண்டு கத்திரிக்கா. இவ்வளவுதான். எனக்கு சிரிப்பு, குடம் தெரியாதா நமக்குன்னு பத்து நிமிஷத்துல ஜம்முன்னு ஒரு குடத்தப் போட்டு, பளபளன்னு ஷேடிங்கும் கொடுத்துட்டு நிமிந்து பாக்கேன், பின்னால ஒரு சார் நிக்காரு. "தம்பி, குடம் நல்லா இருக்கு. அதுல இருந்த நெளிவு எங்க?"ன்னு கேட்டாரு. அப்பதான் குடத்தையே பாத்தேன். வலது பக்கம் வயித்துல நல்லா ஒரு அமுக்கு, எங்கயோ விழுந்த குடம். நான் அந்தக் குடத்த வரையல, எனக்குத் தெரிஞ்ச குடத்த வரைஞ்சிருக்கேன். அந்த வருஷம் சீட் கெடைக்கல.

போட்டோவ பாத்து வரையும்போது கஷ்டமான வேலை பூராத்தையும் கேமரா ஏற்கெனவே செஞ்சு தந்துருது, தட்டையாக்கி, வெளிச்சத்த பிரிச்சு, அசையாம நிறுத்தி கையில தந்துருது. நீ அதை பேப்பருக்கு மாத்துறது மட்டும்தான். அது உழைப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன், பொறுமை வேணும், ஆனா காலேஜ்காரங்க தேடுறது அது இல்ல. உன் முன்னால இருக்கதை நீ பாக்கியா, பாத்ததை ஒரு தாள்ல எங்க வைக்கணும்னு உனக்குத் தோணுதா, இந்த ரெண்டுதான். அதனால பத்து போர்ட்ரெய்ட் இருந்தா ரெண்ட வச்சுக்கோ, மிச்சத்த வீட்டுல விட்டுட்டு அந்த இடத்துல வள்ளியூர் பஸ் ஸ்டாண்ட கொண்டுபோ. பஸ்சுக்கு நிக்கிற கிழவி, வாழைத்தார் ஏத்துறவங்க, டீக்கடை பெஞ்சு. அரை குறையா இருந்தாலும் பரவால்ல, அரைகுறைதான் நல்லது, நீ எங்க ஆரம்பிச்ச, எங்க திணறுனன்னு அதுல தெரியும்.

ஒரு ஞாயித்துக்கிழமை கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போ, திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல பஸ் ஏறுனா அரை மணி நேரத்துல போயிரலாம். அந்த மண்டபத்துல ராஜகுமாரியத் தூக்கிட்டு ஓடுற குறவன் முன்னால ஒரு மணி நேரம் உக்காந்து வரைஞ்சு பாரு, கல்லுல விலா எலும்பும் நரம்பும் எப்படி எந்திரிச்சு நிக்குன்னு தெரியும். செல்ஃபோன ஆஃப் பண்ணி பையில போட்டுரு. போட்டோ எடுத்துட்டு வீட்டுல வந்து வரையலாம்னு மட்டும் நெனைக்காத, அப்புறம் நான் இவ்வளவு நேரம் பேசுனதே வேஸ்ட்டு.

சிற்பம் எடுக்க நெனைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, கழுகுமலை வெட்டுவான் கோயிலப் பாக்காம போகாதிய. பாண்டியர் காலத்துல மலையை மேல இருந்து கீழ செதுக்கிட்டே வந்து பாதியில விட்ட கோயிலு, சிகரம் முடிஞ்சிருக்கு, கீழ வெறும் பாறையா கெடக்கு. முடிஞ்சிருந்தா நமக்கு பிரமிப்பு மட்டும்தான் மிஞ்சிருக்கும், பாதியில நின்னதாலதான் எப்படி செஞ்சான்னு இன்னைக்கும் கண்ணால பாக்க முடியுது.

அம்பாசமுத்திரம்: டிராயிங் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். காலேஜுக்கு இது போதுமா?

நல்லது, கை பழகிருக்கும். ஆனா அந்த அரசு டிராயிங் பரீட்சை, காலேஜ் நுழைவுத்தேர்வுக்குப் பதில் ஆகாது.

பாளையங்கோட்டை: பி.எப்.ஏ.வும் பி.டெஸ்.ஸும் ஒண்ணா? கோச்சிங் சென்டர்ல யூசீட் எழுதச் சொல்லுதாங்க.

ஒண்ணு இல்ல. பி.டெஸ். டிசைன் படிப்பு, காரு, ஆப்பு, பாட்டில் மூடி வரைக்கும் அடுத்தவங்க பயன்படுத்துறதுக்கு யோசிக்கிறது. யூசீட்ங்கது பி.டெஸ்.ஸுக்கு எழுதுற நுழைவுத்தேர்வு, ஐஐடி பாம்பே நடத்துறது. நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனுக்கு (என்.ஐ.டி.) தனிப் பரீட்சை, தரமணியில இருக்க நிஃப்ட்ங்க ஃபேஷன் காலேஜுக்கும் தனி. பீஸும் அதுக்குத் தகுந்த மாதிரி எகிறும். கணக்கு, லாஜிக் எல்லாம் வரும், டிராயிங் மட்டும் தெரிஞ்சா பத்தாது. பிள்ளைக்கு சாமான பிரிச்சு மாட்டுறதுல ஆர்வம்னா அங்க, கலர்ல கைய வுட்டுட்டு சாப்பிட மறக்கிற பிள்ளைன்னா பி.எப்.ஏ. கோச்சிங் சென்டர் ரெண்டையும் ஒண்ணுன்னுதான் சொல்லும், அவங்களுக்கு ரெண்டும் ஒரே பீஸ்.

களக்காடு: என் பையன் ஆர்ட் காலேஜ்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். அங்க போனா முடி வளத்துக்கிட்டு, தாடி வச்சுக்கிட்டு, பையன் கோட்டி மாதிரி ஆயிருவான்னு எங்க மைனி சொல்லுதாவ. நெசமா?

யக்கா, முடி வளப்பான். அதுல சந்தேகம் வேண்டாம், நானும் வளத்தேன், எங்க அம்மை என்னை ஜங்ஷன் ஸ்டேஷன்ல பாத்து யாரோன்னு ஒதுங்கிப் போயிட்டா. ரெண்டாம் வருஷம் முடியுறப்ப தானா வெட்டிருவான், வெயிலு.

மத்தபடி அங்க என்ன நடக்குன்னு மைனிக்கு சொல்லுங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே வேலை, டிராயிங், களிமண்ணு, பெயின்டிங், கலை வரலாறு தியரி பேப்பரும் உண்டு, அதுல ஃபெயிலாகுறவங்களும் உண்டு. மாடலுக்கு ஒரு தாத்தா வந்து ஸ்டூல்ல உக்காருவாரு, அவரை சுத்தி இருபது பிள்ளைங்க இருபது பக்கத்துல இருந்து வரையும். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வராதவன் ராத்திரி எழும்பூர் ஸ்டேஷன்ல போயி உக்காந்து தூங்குறவங்கள வரைஞ்சு பழகுவான். கெட்டுப்போக நேரம் எங்க இருக்கு?

நம்ம சீமைக்கு இது புதுசும் இல்ல. அந்தக் காலத்துல நம்ம வீட்டு பூஜை ரூம்ல எல்லாம் தொங்குன முருகன், லட்சுமி காலண்டர் படம் போட்ட கொண்டைய ராஜூ மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவருதான். நாடகக் கம்பெனிக்கு திரைச்சீலை வரைஞ்சுக்கிட்டு வந்தவரு கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு, அங்கனயே சீடப்பிள்ளைகள உருவாக்கி, சிவகாசி அச்சகம் பூரா அவங்க படமா ஓடுச்சு. மைனி வீட்டு சாமி படத்துல கீழ ஓரமா கையெழுத்து இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஸ்ரீவைகுண்டம்: கும்பகோணத்துல மொத வருஷம் படிக்கேன். ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட், இங்க எல்லாரும் என்னைவிட நல்லா வரையுதாங்க. போன வாரம் டிஸ்ப்ளேல சார் என் படத்தப் பாத்து ஒண்ணுமே சொல்லாம தாண்டிப் போயிட்டாரு. ஹாஸ்டல்ல வந்து அழுதேன். திரும்பி வந்து பி.காம். சேந்துரலாமான்னு இருக்கு.

ஏ பிள்ளை, திட்டுனா கூட தாங்கலாம், தாண்டிப் போறதுதான் வலிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ண யோசி. ஒரு ஒரு ஸ்கூல்லயும் ஃபர்ஸ்ட் வந்த பிள்ளைகள மட்டும் பொறுக்கி ஒரே ரூம்ல உக்கார வச்சா, எல்லாரும் எல்லாரையும் பாத்து பயந்துக்கிட்டுதான் இருப்பாங்க. உன் பக்கத்து டாங்கிக்காரி உன்னைப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கலாம், கேட்டுப்பாரு. (டாங்கின்னா படம் வரையுற பலகைய வச்சுக்கிட்டு உக்காருற கழுதை பெஞ்சு, மத்த வாசகர்களுக்காக சொல்லுதேன்.)

அந்த சார்கிட்ட அடுத்த நாளே போயி, "சார் இதுல எது சரியில்ல"ன்னு நேரா கேளு. டிஸ்ப்ளே அன்னைக்கு அம்பது படம் பாக்கணும், எல்லாத்துக்கும் வாயத் தெறக்க முடியாது. தனியா கேட்டா சொல்லாத வாத்தியார நான் பாத்ததில்ல, ஒருவேளை நீ பாத்தேன்னா சீனியர்கிட்ட கேளு. பாதிப் படிப்பு சீனியர்கிட்டதான்.

பி.காம். பத்தி ரெண்டாம் செமஸ்டர் முடிஞ்சு பேசுவோம். அதுவரைக்கும் கோட்டுல மட்டும் நில்லு, கலர்ல ஒளியாத. துறையூர் பக்கம் கீராம்பூர்னு ஒரு கிராமத்துல இருந்து மெட்ராஸ் காலேஜுக்கு வந்த ஓவியர் ஆதிமூலம் வெறும் கருப்பு மையில, பேனாக் கோட்டுல என்னவெல்லாம் பண்ணிருக்காருன்னு உங்க லைப்ரரியில தேடிப்பாரு.

லீவுக்கு செந்தூர் எக்ஸ்பிரஸ்லதான வருவ? ஸ்கெட்ச் புக்க பெட்டிக்குள்ள போட்டு சீட்டுக்கு அடியில தள்ளிராத, கையில வச்சுக்கோ. தஞ்சாவூர் தாண்டுனா எதிர் பெர்த்துல ஒரு பெரியவரு வாயத் தொறந்து தூங்க ஆரம்பிச்சிருவாரு, மதுரை வரைக்கும் அசைய மாட்டாரு.