நீராவிக் கணக்கில் எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது?

கேள்வி: வெப்ப இயக்கவியல் கணக்குகளில் நீராவியின் என்தால்பி, என்ட்ரோபி ஆகியவற்றைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரத்தை எங்கே பயன்படுத்துவது என்றே பிடிபடவில்லை. எளிய வழி உண்டா?

சூத்திரத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நாகர்கோவில் பக்கம் டிப்ளமோ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கணக்கைப் பாதி வாசிக்கும்போதே பலருடைய பேனா ஓடத் தொடங்கிவிடும். அந்த நீராவி ஈரமா (நீர்த்துளி கலந்தது), உலர்ந்ததா (துளியே இல்லாதது), மீவெப்ப நிலையா (கொதிநிலைக்கும் மேலே சூடானது) என்று முடிவு செய்யாமல் எழுதும் எந்தச் சூத்திரமும் குருட்டாம்போக்குதான்.

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம் (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலை). தோட்டை உடைக்கும் முன் கொட்டையை நீராவியில் அவிப்பார்கள். கொதிகலனில் உள்ள அழுத்தமானி 7 பார் காட்டுகிறது என்று வையுங்கள். உடனே நீராவி அட்டவணையில் (ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நீராவியின் பண்புகளைத் தரும் பட்டியல்) 7 பாரைத் தேடக் கூடாது. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டுமே. அட்டவணையில் இருப்பதோ தனி அழுத்தம். ஏறத்தாழ 1 பார் சேர்த்து 8 பார் வரிசைக்குப் போங்கள். நிறைவு வெப்பநிலை (அந்த அழுத்தத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலை) 170.4 டிகிரி செல்சியஸ், நீரின் என்தால்பி 721, ஆவியாதல் என்தால்பி 2048. உலர்வுப் பின்னம் (ஈர நீராவியின் நிறையில் ஆவியாக இருக்கும் பங்கு) 0.95 என்றால் 721 + 0.95 × 2048, அதாவது கிலோவுக்கு 2667 கிலோஜூல்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஈர நீராவியில் அழுத்தத்தைச் சொன்னாலே வெப்பநிலையும் தீர்மானமாகிவிடும். 8 பார், 170.4 டிகிரி என்று இரண்டையும் கொடுத்தாலும் அது ஒரே தகவல்தான். உலர்வுப் பின்னமோ, தன்கன அளவோ (ஒரு கிலோ நீராவியின் கன அளவு), என்ட்ரோபியோ கூடுதலாகத் தெரிந்தால்தான் கணக்கு நகரும். வெப்பநிலை 170.4க்கு மேலே போய்விட்டால் அது மீவெப்ப நீராவி; அங்கே உலர்வுப் பின்னம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அதற்குத் தனி அட்டவணை இருக்கிறது.

தேர்வில் அதிகம் வருவது டர்பைன் கணக்கு. 10 பார், 250 டிகிரி நீராவி, என்ட்ரோபி மாறாமல் 1 பாருக்கு விரிகிறது. தொடக்கத்தில் என்தால்பி 2943, என்ட்ரோபி 6.925. இப்போது 1 பார் வரிசையில் உலர் நீராவியின் என்ட்ரோபியைப் பாருங்கள்: 7.359. நம்மிடம் இருப்பது அதைவிடக் குறைவு, ஆகவே வெளியேறுவது ஈர நீராவி. இந்த ஒரு ஒப்பீட்டில் பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. நீரின் என்ட்ரோபி 1.303, (6.925 − 1.303) ÷ 6.057 = 0.928 என்பது உலர்வுப் பின்னம். இறுதி என்தால்பி 417.5 + 0.928 × 2258 = 2513. கிடைக்கும் வேலை கிலோவுக்கு சுமார் 430 கிலோஜூல்.

விரியும்போது நீராவி ஈரமாவது ஏட்டுக் கணக்கில் மட்டும் நடப்பதல்ல. நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வரும் கூடங்குளத்தில் டர்பைனுக்குள் போவதே மீவெப்பமில்லாத நிறைவு நீராவி. அதனால்தான் உயர் அழுத்தப் பகுதியைக் கடந்ததும் ஈரத்தைப் பிரித்து, மறுபடி சூடாக்கி, அடுத்த பகுதிக்கு அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் நீர்த்துளிகள் டர்பைனின் சுழலும் தகடுகளை அரித்துவிடும்.

நல்லியல்பு வாயுச் சூத்திரத்தைப் போட்டால் என்ன என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார். மேலே சொன்ன 10 பார், 250 டிகிரியில் அது தரும் தன்கன அளவு 0.241 கன மீட்டர், அட்டவணையில் 0.233. கிட்டத்தட்ட 4 சதவீதப் பிழை. நிறைவு நிலைக்கு நெருங்க நெருங்கப் பிழை கூடும். அட்டவணை கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

அக ஆற்றல் கேட்டால், என்தால்பியிலிருந்து அழுத்தத்தையும் தன்கன அளவையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். அங்கே பாரை கிலோபாஸ்கலாக மாற்றிக்கொள்ளுங்கள். 10 பாரில் உள்ள உலர் நீராவிக்குக் கழிக்க வேண்டியது 1000 × 0.1944 = 194.4 கிலோஜூல்; மாற்றாமல் விட்டால் வெறும் 1.9 வரும்.

மோலியர் வரைபடத்திலும் (என்தால்பியையும் என்ட்ரோபியையும் அச்சுகளாகக் கொண்ட நீராவி வரைபடம்) இதையெல்லாம் படிக்கலாம். விடை ஐந்தாறு கிலோஜூல் முன்பின்னாக வரும். நான் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை.