ஏரிக்கு 40 கோடி, எதற்கு எவ்வளவு?

சுற்றுச்சூழல் பொருளாதாரம் பற்றிக் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்காரர்களுடையது. பிராஜெக்ட் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது போல.

சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கக் கணக்கு எவ்வளவு வேண்டும்? (வாழப்பாடி)

வகையீடு, லக்ராஞ்சி (கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காணும் வழி), கொஞ்சம் ரிக்ரஷன் (தரவில் ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று காண்பது). பயப்பட வேண்டாம், ஆனால் தப்பிக்கவும் முடியாது.

மாசு வரி, அபராதம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வரம்பைத் தாண்டினால்தான் அபராதம். வரி முதல் கிலோவிலிருந்தே ஓடும், அதனால் வரம்புக்குள் இருப்பவரும் இன்னும் குறைக்கலாமா என்று யோசிப்பார்.

ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை ஒவ்வொன்றுக்கும் வருடம் ஒரு லட்சம் கழிவுநீர் வரி போட்டால் அது பிகு வரிதானே?

கிடையாது. மாசு பிறருக்குச் செய்யும் சேதத்தின் அளவுக்கு, அதை விடுபவர் மேல் போடுவதுதான் பிகு வரி. லட்சத்தைக் கட்டிய பிறகு ஒரு குடம் விட்டாலும் ஓடை நிறைய விட்டாலும் செலவு ஒன்றுதான், அப்புறம் எவர் குறைப்பார்? சின்ன ஆலைக்காரர் மூடிவிட்டுப் போவார், பெரியவருக்கு உறைக்காது. வரி வெளியேறும் மாசின் மேல் விழ வேண்டும், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன்) கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று. நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதுதான்: முதலில் அலகை எழுதுங்கள். மாணவர்கள் மட்டும் சறுக்கவில்லை. 1977-ல் வந்த தண்ணீர் செஸ் சட்டமே பயன்படுத்திய தண்ணீருக்குத்தான் கிலோலிட்டருக்கு இத்தனை பைசா என்று வாங்கியது, வெளியே விட்ட அழுக்குக்கு அல்ல. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதுவும் போனது.

நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு வாங்கும் 10 ரூபாய் வரியா?

வைப்புத்தொகை. 2022-ல் தொடங்கியது, காலி பாட்டிலைக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். குடித்தவர் காட்டில் எறிந்தாலும் பொறுக்குபவர் 10 ரூபாய்க்காகவே எடுத்து வருவார், எறிந்தது யார் என்று எவரும் தேட வேண்டியதில்லை. பாட்டிலுக்கு 10, அலகும் தெளிவு.

பயணச் செலவு முறையில் ஏற்காடு ஏரிக்கு மதிப்பு கண்டேன். 60 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தேன், 40 கோடி வருகிறது. சரியா ஐயா?

மறுபடியும் ஏரியா! வருடா வருடம் இதே ஏரி என் மேஜைக்கு வந்துவிடுகிறது. ஓர் இடத்துக்குப் போய்வர மக்கள் செலவழிப்பதை வைத்து அதன் மதிப்பைக் காண்பதுதான் பயணச் செலவு முறை. நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். 60 பேரும் கோடை விழா ஞாயிற்றுக்கிழமை, படகு இல்ல டிக்கெட் வரிசையில் நின்றவர்கள். 'செலவு 2,400' என்று ஒரு கட்டம். காருக்கா, ஆளுக்கா? ஐந்து பேர் வந்த காரின் பெட்ரோலை ஐந்தால் வகுக்காமல் ஆளுக்கு 2,400 என்று போட்டால் கோடி வராமல் என்ன செய்யும்? இன்னொருவர் ஈரோட்டிலிருந்து கிளம்பி மேட்டூர் அணை, ஒகேனக்கல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி நாள் மலையேறியிருக்கிறார், அந்த மொத்தச் செலவையும் பாவம் ஏரியின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த நேரத்துக்கு ஒரு பைசா இல்லை. கூலியில் மூன்றில் ஒரு பங்காவது போடுவது வழக்கம். அடிக்கடி வருகிறவர்தான் உங்கள் கையில் அதிகம் சிக்குவார், வராதவர் சிக்கவே மாட்டார் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. பொருளியலாளர் ஹோட்டெலிங் 1947-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் தூரத்தை வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரிக்கச் சொன்னது, வராதவர்களையும் மக்கள்தொகைக் கணக்கில் கொண்டுவரத்தான்.

போன வருடம் ஒரு பெண் அடிவாரத்தில் பஸ் ஏறி, சீட் சீட்டாகப் போய் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் தொகையை எழுதிக்கொண்டாள். எதற்காகப் போகிறீர்கள் என்றும் கேட்டாள். பாதிப் பேர் சேர்வராயன் கோயில், காபி எஸ்டேட் வேலை, சொந்தக்காரர் வீடு என்றார்கள். ஏரி என்றவர்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டாள். அவளுடைய தொகை உங்களுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அதைத்தான் நான் நம்புவேன். கடைசியாக, அந்த 40 கோடி வருடத்துக்கா, எக்காலத்துக்குமா? அலகு!

கோஸ் தேற்றம் விளக்கவும். நாளை தேர்வு.

இதைப் படிக்கும்போது தேர்வு முடிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்: பேரம் பேச செலவே இல்லையென்றால், உரிமை யாரிடம் இருந்தாலும் மாசின் அளவு ஒரே இடத்தில் வந்து நிற்கும், யார் யாருக்குக் காசு கொடுப்பது என்பதுதான் மாறும். திருமணிமுத்தாற்றுக் கரையின் சாயப்பட்டறைக்காரர்கள், கீழே பாசனம் செய்கிறவர்கள் அத்தனை பேரையும் ஒரே டீக்கடையில் உட்கார வைத்துப் பாருங்கள், அந்த 'இல்லையென்றால்' எவ்வளவு பெரியது என்று புரியும்.

உமிழ்வு உரிமச் சந்தை இந்தியாவில் உண்டா?

உண்டு. மொத்த மாசுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குள் மாசு விடும் உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் சந்தை. சூரத்தில் 2019-ல் ஆலைப் புகையின் துகள் மாசுக்குத் தொடங்கினார்கள். முதலில் புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி, அப்புறம்தான் சந்தை. வியாபாரம் கிலோ கணக்கில்.

ஏற்காட்டுக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம் போட்டால் கூட்டம் குறையுமா?

வண்டிக்கா, ஆளுக்கா? மே மாதத்துக்கு மட்டுமா, வருடம் முழுக்கவா? எழுதி மறுபடி அனுப்புங்கள்.